கூடுதல் குடித்தனம்

அடுப்பில் விலைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் வெற்றிச்செல்வன் முதலில் பார்த்ததே அதைத்தான்.

கட்டட அனுமதி தரும் திட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த அவர், குனிந்து பர்னரை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பெயிண்ட் வாசனையைத் தவிர வேறு வாசனை வரவில்லை. அளவு நாடாவோடு பின்னால் நின்றிருந்த உதவியாளர் வேம்புவைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த அடுப்புல இதுவரைக்கும் யாரும் வெந்நீர்கூட வெச்சதில்ல போலிருக்கே சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

வீட்டுக்காரர் செம்மலுக்குக் கழுத்து வியர்த்தது. "புதுக் குடித்தனம் சார். சின்னஞ்சிறுசுங்க. ஓட்டல்லதான் சாப்பிடுவாங்க."

"யாரு?"

"என் பொண்ணு கவிநிலாவும் மாப்பிள்ளை மரிய அருணும்."

"எங்க அவங்க?"

"வெளிய போயிருக்காங்க."

இது சுத்தப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் வெளியேதான் போயிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து முத்தியால்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் வெளியே இருந்துகொண்டிருந்தார்கள். 'கூடுதல் குடித்தனம்' என்று செம்மல் விண்ணப்பித்திருந்த இந்தப் பின்கட்டில் அவர்கள் இதுவரை ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் அங்கிருந்த உள்கதவைத் தள்ளினார். அது திறந்துகொண்டது. ஒரு காலை எடுத்து வைத்தவர், செம்மலின் மனைவி கார்குழலி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த முன்கட்டுச் சமையலறையில் போய் நின்றார்.

"இது எந்தக் குடித்தனம்மா?"

"எல்லாம் ஒண்ணுதான் சார். உக்காருங்க, மோரு தரேன்," என்றாள் கார்குழலி.

செம்மல் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

வெற்றிச்செல்வன் மோரைக் குடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். விவசாய நிலத்தில் புதிதாக வீடு கட்டக் கூடாது. ஆனால் ஏற்கெனவே இருக்கிற வீட்டுக்குள், ஓர் அடிகூட வெளியே நீட்டாமல், இன்னொரு குடித்தனம் வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனி வாசல், தனி அடுப்பு, தனிக் குளியலறை வேண்டும். அங்கே ஒரு குடும்பம் உண்மையிலேயே வாழ வேண்டும். மகனுக்கு, மகளுக்கு என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, சனிக்கிழமை ஆனால் பெங்களூர்க்காரர்களுக்கு ரூம் போட்டுக் கொடுக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டாராம். அதனால் இப்போதெல்லாம் அடுப்பைத் தொட்டுப் பார்க்காமல் அவர் எதையும் நம்புவதில்லை.

கார்குழலி நறுக்குவதை நிறுத்தினாள். "அந்தக் குடும்பத்துல யாரு யாரு சார் இருக்கணும்?"

"உங்க வீட்டு ஆளா இருக்கணும். ஒருத்தரா இருந்தாலும் சரி. தனிக் கதவு, தனி அடுப்பு, தனிப் பொழப்பு. அவ்ளோதான்." அவர் எழுந்து செம்மலைப் பார்த்தார். "நான் மறுபடி வருவேன். சொல்லாமத்தான் வருவேன். அப்பவும் இப்படித்தான் இருந்தா, பின்வாசலை அடைச்சுடச் சொல்லி எழுதிடுவேன்."

வேம்பு தன் மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவர் பின்னால் போனாள்.

செம்மல் ஏன் இந்த வம்பில் மாட்டிக்கொண்டார் என்று சொல்லிவிட வேண்டும். மூலக்குளம் தாண்டி, வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பக்கம் கரும்பும் மறு பக்கம் நெல்லுமாக இருந்த வயலுக்கு நடுவே அவருடைய வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக நின்றது. அவருடைய அப்பா காலத்தில் நெல்லும் வைக்கோலும் கிடந்த பின்கட்டு இப்போது காலி. இருந்தது ஒரே மகள். அவளுக்கும் மரிய அருணுக்கும் மாதா கோயிலில் ஒரு தடவை, மண்டபத்தில் ஒரு தடவை என்று இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டிலும் செம்மல் அழுதார்.

பின்கட்டில் மகளைக் குடிவைத்துவிட்டால் கண்ணெதிரிலேயே இருப்பாள் என்பது அவர் திட்டம். அதற்குக் குறுக்கே இரண்டு விஷயங்கள் நின்றன. ஒன்று, சம்பந்தி அகஸ்டினா. அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, ஊர் வழக்கில் சொல்தாவாக, இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளை மாமனார் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் மாதா கோயிலில் பூசைக்குப் போகிற இடத்தில் நாலு பேர் சிரிப்பார்கள் என்றும், தனிக் குடித்தனம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தால் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றும் அந்த அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொன்று, மாப்பிள்ளையின் கம்பெனி. பெங்களூருக்கு வருகிறாயா, இல்லையா என்று கேட்டு மாசக் கடைசிவரை கெடு கொடுத்திருந்தது.

ஆக, அனுமதி வந்தால் மகள் வீட்டில். வராவிட்டால் மகள் பெங்களூரில்.

செம்மல் காரியத்தில் பின்வாங்குகிற ஆள் இல்லை. திருபுவனைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக் கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டுச் சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டார். டப்பாக்களுக்கெல்லாம் பெயர் ஒட்டி அகர வரிசையில் அடுக்கினார். அதில் அரிசியும் இஞ்சியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன, வெந்தயம் பரணுக்குப் போனது. கார்குழலி தாளிக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணெய் இன்னும் காயவில்லை என்பார். வெங்காயம் இன்னும் சிவக்கவில்லை என்பார். சாப்பிட உட்கார்ந்ததும் உப்பு, புளி, காரம் மூன்றைப் பற்றியும் தனித்தனியாக அபிப்பிராயம் சொல்வார். வாழ்நாளெல்லாம் தனியாகச் சமையலறையில் கிடந்தவளுக்கு இப்போது எவ்வளவு துணை என்று நினைத்து அவ்வப்போது தானே பூரித்துப்போவார்.

முதல் வேலையாக உள்கதவை அடைத்துவிடத் தீர்மானித்தார். கொத்தனார் ராஜவேல் வந்தான். கதவைக் கழற்றிவிட்டுக் கல் வைத்து அடைத்துப் பூசினான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையடித்தான். இங்கே ஒரு வழி இருந்தது என்று பெற்றவனே சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்போதுதான் மோட்டார் சுவிட்ச் பின்கட்டில் இருப்பது செம்மலுக்கு ஞாபகம் வந்தது. சாமி அலமாரியும் அங்கேதான் இருந்தது. ஒரே பூச்சில் தண்ணீரும் தெய்வமும் அடுத்த குடித்தனத்துக்குப் போய்விட்டன. விளக்கேற்ற வேண்டுமானாலும் மோட்டார் போட வேண்டுமானாலும் வெளியே இறங்கி, முருங்கை மரத்தையும் கிணற்றையும் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போக வேண்டும்.

"திரும்ப இடிச்சிடலாமா?" என்று கேட்டார் செம்மல்.

"எதுக்குங்க? நானே அந்தாண்ட போய்ப் பாத்துக்கிறேன்," என்றாள் கார்குழலி.

அடுப்பு விஷயத்திலும் அவளே முன்வந்தாள். இன்ஸ்பெக்டர் தொட்டுப் பார்க்கிற ஆளாயிற்றே, அடுப்பு உண்மையாகவே எரிய வேண்டும், பாத்திரம் உண்மையாகவே கரிய வேண்டும், அதனால் இனிமேல் சமையல் பின்கட்டில்தான் என்றாள். செம்மல் அசந்துபோனார். இவ்வளவு ஒத்துழைப்பை அவர் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போய்ப் பின்வாசலில் நின்றார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஏன் தாழ்ப்பாள் என்று கேட்டதற்கு, திறந்து போட்டிருந்தால் இன்ஸ்பெக்டர் தனிக் கதவு என்று எப்படி நம்புவார் என்று திருப்பிக் கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. செம்மல் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தார்.

"சாம்பார்ல உப்பு…"

"இன்னாங்க." கார்குழலி குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வூட்டுக்குச் சாப்பிடப் போனா உப்பு கம்மின்னு சொல்லுவீங்களா? அந்த இன்ஸ்பெக்டரு ஜன்னலாண்ட நின்னுக்கினு கேட்டா இன்னா ஆவுறது?"

செம்மல் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். உண்மையில் உப்பு சரியாகத்தான் இருந்தது. கையைக் கழுவியபோது, இவளை ஸ்டோருக்கு எடுத்திருந்தால் நல்ல சூப்பர்வைசராக வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு விஷயங்கள் தாமாகவே நகர்ந்தன. சமையல் அங்கே என்றால் சாமான்கள் இங்கே எதற்கு என்று அரிசி, பருப்பு, மளிகையெல்லாம் பின்கட்டுக்குப் போயின. டப்பாக்களை மட்டும் கார்குழலி வேண்டாம் என்று விட்டுவிட்டாள். முன்கட்டு அலமாரியில் அவை அகர வரிசையில் காலியாக நின்றன. படுக்கை கசங்காமல் இருந்தால் யார் நம்புவார்கள் என்று அவள் தலையணையோடு அங்கேயே படுக்கப் போனாள். டிவி இல்லாத குடும்பம் ஊரில் உண்டா என்று செம்மலே கேட்டு, செம்மலே டிவியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். அவளுடைய தையல் மிஷின் போனது. ரேடியோ போனது. மல்லிகைத் தொட்டிகூடப் போனது. ஒரு குடும்பம் இருக்கிற களை அந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்க, இந்தப் பக்கம் செம்மலும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் மிச்சம் இருந்தார்கள்.

சாயங்காலங்களில் அடைத்த சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து சீரியல் சத்தம் கேட்கும். நடுநடுவே கார்குழலி சிரிக்கிற சத்தமும் கேட்கும். மகளுக்காக இவள் எவ்வளவு சிரமப்படுகிறாள் என்று செம்மல் உருகிப்போவார்.

ஒரு குறைதான் அவர் கண்ணை உறுத்தியது. பின்பக்கக் கொடியில் புடவைகள் காய்ந்தன, ஆண் துணி ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் மாப்பிள்ளையின் துணி காய வேண்டாமா? மரிய அருணிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் காந்தி வீதிச் சந்தைக்குப் போனார். இந்தக் காலத்துப் பையன்கள் என்ன போடுகிறார்கள் என்று கடைக்காரனையே கேட்டு, தென்னை மரமும் செம்பருத்தியும் போட்ட அரை டிராயர்கள் சிலவும், கையில்லாத பனியன்களும் வாங்கி வந்தார். தினமும் காலையில் அவற்றை நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, தூர நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்.

தூர நின்று இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வயல்காரர் அம்மாவாசை. மாட்டுக்குப் புல் அறுக்க வரும்போதெல்லாம் அந்த டிராயர்கள் காற்றில் ஆடுவதைப் பார்த்தார். இந்த மாதிரி டிராயரை உள்ளூர்க்காரன் எவன் போடுவான்? கடற்கரைச் சாலையில் ராக் பீச்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வெளியூர்ப் பையன்கள்தான் போடுவார்கள். செம்மல் அண்ணன் சத்தமில்லாமல் லாட்ஜ் ஆரம்பித்துவிட்டார் என்று அவருக்குப் புரிந்துபோனது. அண்ணன் வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படுகிற ஆள், நாமாக உதவுவோம் என்று, பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் தன் தங்கச்சி வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது.

சனிக்கிழமை காலையில் ஓர் ஆட்டோ வந்து முன்வாசலில் நின்றது. இரண்டு பையன்கள் இறங்கினார்கள். முதுகில் ஆளுக்கொரு மூட்டை. ஒருவன் குடுமி வைத்திருந்தான். இருவரும் தென்னை மரம் போட்ட டிராயர் அணிந்திருந்தார்கள்.

"அங்கிள், ரூம் இருக்குன்னு சொன்னாங்க," என்றான் குடுமிக்காரன், பெங்களூர்த் தமிழில்.

செம்மல் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வரப்பு ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பியது. ஓட்டி வந்தவர் வெற்றிச்செல்வன். பின்னால் வேம்பு, மடியில் அளவு நாடா.

அந்த நேரத்தில் செம்மலுக்கு ஒன்றுமே ஓடவில்லை. சனிக்கிழமை, பெங்களூர்ப் பையன்கள், மூட்டை. இன்ஸ்பெக்டர் கண்ணில் எது படக் கூடாதோ அது அப்படியே வாசலில் நின்றது. விரட்டவும் நேரமில்லை, ஒளிக்கவும் இடமில்லை. செம்மல் குடுமிக்காரனின் தோளில் கையைப் போட்டார்.

"வாங்க சார், வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இவருதான் என் மாப்பிள்ளை மரிய அருண். அவரு மாப்பிள்ளையோட தம்பி."

குடுமிக்காரன் செம்மலைப் பார்த்தான். செம்மல் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் கண்ணாலேயே கெஞ்சினார்.

"நீங்கதான் மரிய அருணா?" என்று கேட்டார் வெற்றிச்செல்வன்.

"எந்தப் பேர்ல புக் ஆயிருக்கோ அதே பேருதான் சார்," என்றான் பையன். நல்ல மாதிரிப் பையன்.

"எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"இப்பத்தான் வந்தோம். நாளைக்குக் கிளம்பிடுவோம்."

"ஓயாத வேலை சார் மாப்பிள்ளைக்கு," என்று செம்மல் குறுக்கே விழுந்தார். "வருவாரு, போவாரு."

"மாமனாரு நல்லாப் பாத்துக்கிறாரா?"

"இன்னும் ரூமே காட்டல சார்."

வேம்பு முகத்தைக் கரும்புத் தோட்டத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கிய பெண், கையில் ஸ்வீட் பெட்டியோடு, "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "வணக்கம் மாமா," என்றான்.

வெற்றிச்செல்வன் இவனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"இவரு யாரு?"

செம்மலுக்கு வேறு பெயர் எதுவும் தோன்றவில்லை. "இவரும் மரிய அருண்தான் சார்," என்றார்.

"உங்களுக்கு ஒரே பொண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"ஒரே பொண்ணுதான் சார்."

கவிநிலா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் ஏதாவது ஆகிவிட்டதா என்கிற கவலை அவள் முகத்தில் தெரிந்தது. இதற்குள் சத்தம் கேட்டுக் கார்குழலி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். எதையும் விசாரிக்கவில்லை.

"சார், நீங்க என்கூட வாங்க. வேம்பு, நீயும் வாம்மா. வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க? அடுப்பைத்தானே பாக்கணும்," என்று இருவரையும் பின்பக்கம் அழைத்துப் போனாள். போகிற வழியில் இன்ஸ்பெக்டர் நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் புல்கட்டோடு நின்ற அம்மாவாசையிடம் ஏதோ கேட்டார். அவரும் கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். பிறகு பின்கதவு திறந்தது. மூடியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் முன்வாசல்வரை கேட்டது.

செம்மல் முன்கட்டில் இருந்த இரண்டு நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டார். யாரும் உட்காரவில்லை. பெங்களூர்ப் பையன்கள் முருங்கை மரத்தடியில் மூட்டையை இறக்கி வைத்தார்கள்.

கவிநிலா ஸ்வீட் பெட்டியைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அனுமதி வந்துடும்மா. அம்மா உள்ள பேசிக்கினு இருக்கா. ரெண்டு நாள் பொறு."

"அது இல்லப்பா. இவரு கம்பெனியில பெங்களூருக்கு ஓகே சொல்லிட்டோம். எனக்கும் அங்க ஒரு லேப்ல வேலை கிடைச்சிருக்கு."

செம்மல் மருமகனைப் பார்த்தார். மரிய அருண் ஹெல்மெட்டின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இங்கயே இருக்கேன்னு சொன்னியே," என்றார் மகளிடம்.

"நீங்க சுவரை அடைச்சு, அடுப்பு வாங்கி, அவ்ளோ ஆசையா இருந்தீங்க. எப்படிப்பா சொல்றது? எங்களுக்கும் ஒரு இடத்துல நாங்களா இருந்து பாக்கணும்னு இருக்குப்பா. உங்க மேல கோவம் எல்லாம் இல்ல."

இரண்டு கல்யாணத்திலும் அழுத செம்மலுக்கு இப்போது அழுகை வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இந்தப் பெண் தவழ்ந்தது அந்தப் பின்கட்டில். வைக்கோலில் ஒளிந்துகொண்டு கூப்பிட்டால் வராமல் சிரித்தது அங்கேதான். அவள் மறுபடியும் அங்கே வந்து இருப்பாள் என்று அவர் ஒரு பைத்தியக்காரனைப்போல டிராயரெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

"சரிம்மா," என்றார். கவிநிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குடுமிக்காரன் மெதுவாகக் கிட்டே வந்து, பெங்களூரில் எந்தப் பக்கம் ஆபீஸ் என்று மரிய அருணைக் கேட்டான். அருண் சொன்னான். அட, தங்கள் வீட்டுக்கு மேல் மாடியே காலியாகத்தான் இருக்கிறது, வீட்டுக்காரம்மா தமிழ்க்காரர்தான் என்றான் பையன். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் வருமா, லிஃப்ட் இருக்கிறதா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மகளுக்கு ஆகாத குடித்தனத்தை இங்கே சிருஷ்டிக்கப் போய், ஆகிற குடித்தனத்துக்கு ஆளையும் தாமே தோளில் கை போட்டு நிறுத்திக் கொடுத்திருப்பது செம்மலுக்குப் புரிந்தது.

அவர் தனியாகத் தள்ளிப் போய் நின்றார். இனி யாருக்காகப் பொய் சொல்ல வேண்டும்? இன்ஸ்பெக்டர் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்தார். ராஜவேலைக் கூப்பிட்டுச் சுவரை இடித்துவிட வேண்டும். கார்குழலி பாவம், எத்தனை நாளாக இந்த நாடகத்துக்காகத் தனியாகப் படுத்துக் கிடக்கிறாள். அவளாவது பழையபடி முன்கட்டுக்கு வரட்டும். அவளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் முன்போலவே பார்த்துக்கொள்ளலாம். இந்த நினைப்பு வந்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

பின்கதவு திறக்க ரொம்ப நேரமாயிற்று. வெற்றிச்செல்வன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து வீராம்பட்டினத்து வஞ்சிர மீன் வறுவல் மணத்தது. முகத்தில் போன தடவை இருந்த கடுப்பு இல்லை. சாப்பிட்ட களை மட்டும் இருந்தது.

"உங்க கேஸ்ல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல சார். அனுமதி கொடுக்கச் சொல்லி எழுதிட்டேன். பக்கத்து வயல்காரரையும் விசாரிச்சாச்சு, லாட்ஜுன்னு தப்பா நெனச்சு இந்தப் பசங்களை அனுப்பினது அவருதானாம். இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்ளோ சுத்தமாப் பிரிஞ்ச குடித்தனத்தை நான் பாத்ததே இல்ல."

"வேணாம் சார்." செம்மல் கையெடுத்துக் கும்பிட்டார். "அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. எல்லாம் பொய். இந்தக் குடுமி வெச்ச தம்பி யாருன்னே எனக்குத் தெரியாது. அவருதான் நிஜ மாப்பிள்ளை. அவங்க ரெண்டு பேரும் பெங்களூருக்குப் போறாங்க. கொடியில ஆடுற டிராயருகூட நான் சந்தையில வாங்கினது. என்னை மன்னிச்சுடுங்க. பின்பக்கம் குடும்பமே கிடையாது சார்."

வெற்றிச்செல்வன் மோட்டார் சைக்கிளின் பக்கம் நடந்தார். எதையோ சொல்லத் தயங்கி, அதை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போகிற நடை அது.

வேம்பு அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, செம்மலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னாள்:

"குடும்பம் இல்லன்னு யாரு சொன்னது ஐயா? அம்மா அங்க தனியாக் குடிவந்து எவ்ளோ நாளாச்சு, நீங்கதான் அது தெரியாம தெனமும் அவங்க வூட்டுக் கதவைத் தட்டிச் சாப்பிட்டுட்டுப் போறீங்களாம்."